சி. வி. வேலுப்பிள்ளையும் நாடற்றோர் வழக்கும்

சில திங்கள்களுக்கு முன் உயர்தர வகுப்பு மாணாக்கர்க்கு மலையக இலக்கிய வரலாற்றை உரைத்துக்கொண்டிருந்தேன். மடக்கொம்பரை தந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் எழுதிய நூல்களுள் 'நாடற்றவர் கதை' என்பதும் ஒன்றெனக் கூறியபோது, பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, அவர் அகதியாக வாழ்ந்தவரா என வினவினாள். இல்லை என்றேன். அப்படியாயின் நாடற்றவர் என்பதற்கும் அகதி என்பதற்கும் யாது வேறுபாடு என அவள் மீட்டும் வினவினாள். அகதியாவான் கதி அற்றவன், நாடற்றவனாவான் நாடு அற்றவன் என்று சொற்பொருள் கூறி அமர்ந்துவிட்டேன். மணியும் அடித்தது. ஆயினும் அவ்விடை எனக்கே நிறைவு தரவில்லை. சொல்லைப் பிரித்துக் காட்டியதால் பொருள் விளங்கிவிடாது என்பதைத் தமிழ் கற்பிப்போன் நன்கு அறிவான். ஆதலின் அம்மாணவிக்கு வகுப்பில் கூறாது விட்டதை ஈண்டு எழுதலானேன்.

வேலுப்பிள்ளை அவர்கள் 1914-ஆம் ஆண்டு செப்டெம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் மடக்கொம்பரைத் தோட்டத்திலே, கங்காணிக் குடும்பமொன்றில் பிறந்தார். கங்காணி வீட்டுப் பிள்ளைகட்கு லயத்துப் பிள்ளைகட்குக் கிட்டாத வாய்ப்புகள் கிட்டின. அட்டனில் பயின்று, பின்னர்க் கொழும்பு நாலந்தாக் கல்லூரியிலும் கற்றார். 1934-இல் இரவீந்திரநாத தாகூர் இலங்கைக்கு வந்தபோது, இருபது வயதும் நிரம்பாத இவ்விளைஞர், தாம் ஆங்கிலத்தில் இயற்றிய 'விஸ்மாஜினி' என்னும் இசை நாடகத்தை அவர் திருமுன் வைத்தார். பின்பு சில காலம் ஆசிரியராகவும் பணியாற்றினார்.

இங்கே ஒன்று கூறவேண்டும். தமிழ்ப் பண்டிதனாகிய எனக்கு, இவர் தம் சிறந்த பாடல்களை ஆங்கிலத்திலே இயற்றினாரே என்னும் குறை நெடுநாள் இருந்தது. இன்று அக்குறை இல்லை. தோட்டத்துத் துரைமாரும், கொழும்பிலிருந்து சட்டம் இயற்றியோரும், உலகமெங்கும் இலங்கைத் தேயிலையை அருந்தியோரும் அம்மொழியிலேதான் படித்தனர். தம் மக்களின் வழக்கை எடுத்துரைக்க வந்த ஒருவர், வழக்கைக் கேட்போர் அறிந்த மொழியைத் தேர்ந்ததில் பிழை யாதும் இல்லை. தமிழிலும் அவர் 'வீடற்றவன்', 'இனிப்பட மாட்டேன்' முதலிய நாவல்களைத் தந்தே சென்றார்.

1947-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். தலவாக்கொல்லைத் தொகுதியின் பிரதிநிதியாகச் சென்றவர் நம் கவிஞர். நுவரெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் வெற்றி பெற்றார். அத்தேர்தலில் வாக்களித்தோருட் பெரும்பாலோர் கொழுந்து கொய்யும் பெண்களும் கவ்வாத்து வெட்டும் ஆண்களுமே. பிரட்டுக் களத்திலே பேர் கூப்பிடக் கேட்டு நின்றவர்கள், அன்று வாக்குச்சாவடியிலே தம் பேர் கூப்பிடக் கேட்டனர். அடுத்த முறை அப்பேர்கள் இடாப்பில் இருக்கவில்லை.

1948 பெப்ரவரி 4-ஆம் நாள் நாடு சுதந்திரம் எய்தியது. அவ்வாண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நவம்பர் 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின்படி, இலங்கையிற் பிறந்த ஒருவன் பிறந்தமையாலேயே இலங்கையன் ஆகமாட்டான். அவன் தந்தையும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். இதனைச் சொல்லளவில் நோக்குவார்க்கு இது எல்லார்க்கும் பொதுவான விதியாகவே தோன்றும். தமிழர் என்றோ தோட்டத் தொழிலாளர் என்றோ சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆயின் பெற்றோர் பிறப்பைப் பத்திரம் காட்டி நிறுவ இயலாத மக்கள் கூட்டம் எது என்பதை, அதனை வரைந்தோர் அறியாதவர் அல்லர். லயத்திற் பிறந்த பிள்ளையின் பேர் வளர்ந்த பின் செக்ரோலில் ஏறியது. அரசின் பதிவேட்டில் ஏறியதா என்று கவலைப்பட்டவர் அக்காலத்தில் அரியர்.

இனி உலகத்தின் பக்கம் திரும்புவோம். இச்சட்டம் நடைமுறைக்கு வந்து இருபத்தைந்தாம் நாளாகிய 1948 டிசம்பர் 10-ஆம் நாள், பாரிஸ் மாநகரில் கூடிய ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் 15-ஆம் உறுப்பு, ஒவ்வொருவர்க்கும் ஒரு நாட்டின் குடியாயிருக்கும் உரிமை உண்டு என்றும், எவரிடமிருந்தும் அதனைத் தன்னிச்சையாகப் பறித்தல் ஆகாது என்றும் விதிக்கின்றது. இலங்கை அன்று அச்சபையில் அங்கத்துவம் பெற்றிருக்கவில்லை. 1955 டிசம்பரிலேதான் பெற்றது. எனவே கையொப்பமிட்டுவிட்டு மீறினார்கள் என்று எவரையும் குற்றம் சாட்டுதல் இயலாது. வேலுப்பிள்ளை அவர்கள் உறுப்பினராய் அமர்ந்திருந்த அதே பாராளுமன்றம் ஒரு திசையிற் சென்றது, உலகம் மறுதிசையிற் சென்றது என்பதை மாத்திரம் இங்கே குறிக்கலாம்.

மறுபக்க நியாயத்தையும் கூறாது விடுதல் அறமன்று. வெள்ளையர் தோட்டம் அமைத்தபோது கண்டிச் சீமையின் குடியானவர்கள் தம் மேட்டு நிலங்களை இழந்தனர். மலைநாட்டுத் தொகுதிகள் வந்தேறிகளின் கைக்குப் போகும் என்னும் அச்சம் அவர்களிடையே உண்மையாகவே இருந்தது. தன் குடிகள் யாவர் என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தால் முடிவு செய்யலாம் என 1930-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையும் ஒப்புக்கொண்டது. நிலம் இழந்தவனுக்கு நியாயம் வேண்டும் என்பதை யானும் மறுக்கவில்லை. ஆயின் அந்நிலத்தைப் பறித்தவன் துரை. தண்டனை அடைந்தவனோ அத்துரையிடம் அன்றாடச் சம்பளத்துக்கு உழைத்தவன்.

அடுத்து 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் விண்ணப்பித்துப் பிரசாவுரிமை பெற அது வழி வகுத்தது. 1946 சனவரி முதலாம் நாளுக்கு முன், மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இங்கே வாழ்ந்திருத்தல் வேண்டும். ஒருமுறை நாட்டை விட்டுச் சென்று பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் தங்கிவிட்டால் அத்தொடர்பு அறுந்ததாகக் கொள்ளப்படும். அவ்வாண்டிலேயே தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டுப் பிரசையல்லாதார் வாக்குரிமை ஒழிந்தது.

விண்ணப்பத்துக்கு இரண்டாண்டுத் தவணை கொடுக்கப்பட்டது. காங்கிரஸ் தலைவர்கள் முதலில் இச்சட்டத்தைப் புறக்கணிக்கும்படி மக்களுக்குக் கூறினர். தவணையின் பெரும்பகுதி கழிந்த பின்னரே விண்ணப்பிக்கும்படி கூறினர். மானமுள்ள முடிவுதான், ஆயினும் பத்திரம் தேடுதற்கு வேண்டிய காலத்தை அது விழுங்கிவிட்டது. நம் தலைவர்கள் செய்த பிழைகளுள் இதுவே பெரிது என்பது என் துணிபு. கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் மலையெனக் குவிந்தன. ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. முடிவிற் பிரசாவுரிமை பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

அத்தவணை 1951 ஆகஸ்ட் 5-ஆம் நாள் முடிந்தது. அதற்குச் சரியாக எட்டு நாள் முன்பு, சூலை 28-ஆம் நாள், ஜெனீவா நகரில் அகதிகள் பற்றிய உடன்படிக்கை நிறைவேறியது. என் மாணவியின் வினாவுக்கு விடை அவ்வுடன்படிக்கையில் உள்ளது. துன்புறுத்தப்படுவோம் என்னும் தக்க அச்சத்தால் தன் நாட்டுக்குப் புறத்தே நிற்பவனே அகதி என அது வரையறுத்தது. குடியுரிமை அற்றவனாயினும் தான் வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்குப் புறத்தே நிற்றல் வேண்டும். மடக்கொம்பரைத் தொழிலாளி எதற்குப் புறத்தே நின்றான்? பிறந்த லயத்தின் வாயிலிலேதான் நின்றான். எல்லையை அவன் கடக்கவில்லை. ஆகவே அகதிக்கு உலகம் அளித்த புகலும் அவனுக்கு இல்லை. குடிக்கு நாடு அளிக்கும் காப்பும் இல்லை.

எங்கள் பாட்டனாரும் பட்டிப்பொலப் பகுதியிலிருந்து விண்ணப்பித்தவர்களுள் ஒருவர். 1940-ஐ ஒட்டிய காலத்தில் தம் தாயாரின் ஈமக்கடனுக்காக அக்கரை சென்றவர், அங்கே காய்ச்சல் கண்டு படுத்து, பதினான்கு மாதம் கழித்துத் திரும்பினாராம். விசாரணையில் மறைக்காது அதனைக் கூறினார். இரண்டு மாதம் மிகையென விண்ணப்பம் தள்ளப்பட்டது. பொய் சொல்லியிருக்கலாமே என்று பாட்டியார் சாகுமளவும் குறைப்பட்டுக்கொண்டிருந்ததை யான் கேட்டிருக்கின்றேன்.

1952 தேர்தலின் வேளைக்கு மலைநாட்டு இடாப்புகள் வெறுமையாயின. காங்கிரஸின் சார்பில் ஒருவரேனும் பாராளுமன்றம் புகவில்லை. வேலுப்பிள்ளை அவர்களைத் தேர்ந்தெடுத்த மக்கள் வாக்காளர் என்னும் நிலையையே இழந்துவிட்டனர். அவ்வாண்டு ஏப்ரலில் கொழும்பிலே பிரதம மந்திரியின் அலுவலகத்தின் முன் காங்கிரஸ் தொடங்கிய சத்தியாக்கிரகம் 140 நாள் நீடித்தது. நம் கவிஞரும் அதிற் கலந்துகொண்டார். பயன் விளைந்ததென்று கூறுதற்கில்லை. மறுபுறம், கோடாகன் பிள்ளை என்பார் தம்மை இடாப்பிற் சேர்க்க வேண்டுமெனத் தொடுத்த வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்று 1953-இல் தோற்றது. சமூகம் எதற்கும் பாதகம் செய்தல் ஆகாது எனச் சோல்பரி அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு தடை விதித்திருந்தது. தன் குடிகளை வரையறுத்தல் ஓர் அரசின் இயல்பான தொழிலே, அதில் அத்தடைக்கு மாறாக யாதும் இல்லை எனக் கழகம் கொண்டது. நாட்டின் மன்றமும் பேரரசின் மன்றமும் கதவடைத்த பின், வழக்குரைக்க எஞ்சியிருந்தது எழுதுகோல் ஒன்றே.

1954-இல் 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில்' என்னும் பொருள்படும் பெயருடன் அவருடைய ஆங்கில நெடும்பாடல் நூலாக வெளிவந்தது. பின்னாளில் சக்தீ அ. பாலையா அவர்கள் அதனைத் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழ் செய்தார். தேயிலைச் செடியின் அடியிற் புதையுண்ட முன்னோரை அது நினைவூட்டுகின்றது. அவர்களுக்காக அழுவோர் இலரே என வருந்துகின்றது. இதனை இலக்கியச் சுவை நோக்கிப் படிப்போர் பலர். யான் அதனை ஒரு சாட்சிப் பத்திரமாகவும் படிக்கின்றேன். தந்தை எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே வாழ்ந்தான் என்று விசாரணை அலுவலர் கேட்ட வினாவுக்கு, இதோ இம்மண்ணின் கீழ் இருக்கின்றான் என்பதன்றோ அப்பாடலின் விடை.

அவர் தோட்டந்தோறும் சென்று நாட்டார் பாடல்களைத் திரட்டியதையும் அவ்வாறே கருதுகின்றேன். அத்தொகுப்பு 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் பெயருடன் 1983-இல் சென்னையில் வெளியாயிற்று. தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் தமிழகத்திலிருந்து வந்தவையே. ஆயினும் இங்குள்ள பாடல்களில் துரையும் கங்காணியும் கொழுந்துக் கூடையும் கோப்பிக் காலமும் வந்து புகுந்துவிட்டன. கோப்பிச் செடி இலைநோயால் அழிந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அச்செடியைப் பாடும் பாட்டு இம்மக்களிடையே வழங்கிற்றெனில், அவர்கள் எத்தனை தலைமுறையாக இங்கே வாழ்கின்றனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? பிறப்புப் பத்திரம் கேட்ட சட்டம் இச்சான்றை ஏற்கவில்லை. அது வேறு.

அதே 1954-ஆம் ஆண்டில் இரண்டு ஏடுகள் எழுதப்பட்டன. சனவரியில் நேருவும் கொத்தலாவலையும் செய்த ஒப்பந்தம் ஒன்று. செப்டெம்பர் 28-ஆம் நாள் நியூயோர்க்கில் நிறைவேறிய நாடற்றோர் நிலை பற்றிய உடன்படிக்கை மற்றொன்று. எந்த அரசும் தன் குடியெனக் கொள்ளாதவனே நாடற்றவன் என இரண்டாவது ஏடு கூறிற்று. அவனுக்குக் கல்வி, தொழில், நீதிமன்றம், அடையாளப் பத்திரம் ஆகியவற்றை மறுத்தல் ஆகாதென்றும், சட்டப்படி தங்கியிருப்பவனை நாட்டின் பாதுகாப்போ பொது ஒழுங்கோ காரணமாகவன்றி வெளியேற்றல் ஆகாதென்றும் விதித்தது. 1961 ஆகஸ்ட் 30-ஆம் நாள் நிறைவேறிய மற்றோர் உடன்படிக்கை இன்னும் ஒருபடி மேலே சென்று, ஒரு நாட்டிற் பிறந்து வேறு எந்நாட்டுக் குடியுமாகாத பிள்ளைக்கு அந்நாடே குடியுரிமை நல்க வேண்டும் என்றது. நம் மலைநாட்டை நேரிற் கண்டு எழுதினார்களோ என ஐயுறும் அளவுக்கு அவ்விதி பொருந்துகின்றது. 1951, 1954, 1961 ஆகிய மூன்று உடன்படிக்கைகளிலும் இலங்கை சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை.

சேராதிருந்த இவ்விரு நாடுகளுமே 1964 அக்டோபர் 30-ஆம் நாள் தமக்குள் கணக்குத் தீர்த்தன. சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் என்பது அது. நாடற்றோர் 9 இலட்சத்து 75 ஆயிரம் எனக் கொண்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதெனவும், எஞ்சிய ஒன்றரை இலட்சத்தைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வதெனவும் முடிவாயிற்று. 1974-இல் அந்த எச்சத்தையும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டனர். பாகப்பிரிவினையிலே கூடப் பெரியோர் ஒருவர் இருந்து பிள்ளைகளைக் கேட்பார். இங்கே பிரிக்கப்பட்ட மக்களின் தலைவர்களை எவரும் கலந்தாலோசிக்கவில்லை.

வேலுப்பிள்ளை அவர்கள் இக்காலத்தில் தொழிற்சங்கப் பணியிலே ஆழ்ந்தார். 1965-இல் வி. கே. வெள்ளையன் தொடங்கிய தொழிலாளர் தேசிய சங்கத்தில் அவருக்குத் துணைநின்று, 'மாவலி' என்னும் இதழையும் நடத்தினார். 1970-இல் 'உழைக்கப் பிறந்தவர்கள்' என்னும் பொருள்படும் ஆங்கில நூல் வெளிவந்தது. தோட்டத்து மாந்தரைப் பற்றிய சொற்சித்திரங்கள் அவை. அவற்றுள் வருவோர் குடியுரிமையைப் பற்றி நீளப் பேசுவதில்லை. தப்பு அடிக்கின்றனர், காமன் கூத்து ஆடுகின்றனர், கங்காணியோடு சச்சரவிடுகின்றனர். ஒரு நாட்டிலே வேர்கொண்டு வாழ்வோர் செய்வனவற்றையே செய்கின்றனர்.

எண்பதுகளின் தொடக்கத்தில் யான் சிறுவன். பட்டிப்பொலப் புகைவண்டி நிலையம் இத்தீவின் நிலையங்களுள் யாவற்றினும் உயரத்தில் உள்ளது. நண்பகலிலும் பனிமூட்டம் தண்டவாளத்தை மறைத்துவிடும். பதுளையிலிருந்து கோச்சி வந்து நிற்கும்போது, தலைமன்னார் செல்வோரை வழியனுப்ப ஊரே திரண்டிருக்கும். அம்மியையும் குழவியையும் கூடச் சாக்கிற் கட்டி எடுத்துச் சென்றனர். தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமை அடைவர். முற்காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த கூலிகளை நோய்ச் சோதனைக்காகத் தங்கவைத்த இடமும் அதே மண்டபந்தான். புறப்பட்ட வாயிலுக்கே பேரப்பிள்ளைகள் திரும்பினர். அங்கிருந்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும் வேறிடங்களுக்கும் அவர்கள் அனுப்பப்பட்டனர்.

1983-ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் வேறொரு கூட்டம் கடல் கடந்தது. அவர்களுள் மலைநாட்டாரும் பலர். நாடற்றவராய் இருந்தவர் எல்லையைக் கடந்தபோதுதான் அகதியும் ஆயினர். 1984-இல் கப்பற் போக்குவரத்து நின்றது. அவ்வாண்டு நவம்பர் 19-ஆம் நாள் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தம் எழுபதாம் வயதிற் காலமானார். தம் மக்களுட் பல்லாயிரவர் எந்நாட்டின் குடியுமாகாது இருக்கக் கண்டே அவர் கண்மூடினார்.

அவர் மறைந்த பின்னரே சட்டங்கள் மெல்ல நெகிழ்ந்தன. இந்தியாவின் பங்கில் விண்ணப்பிக்காது எஞ்சிய 94 ஆயிரம் பேருக்கு 1986-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. இறுதியாக 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிலையாய் வாழும் இந்திய வம்சாவளியினர்க்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை அளித்தது. அப்பணியில் ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையகமும் துணை நின்றது. இலங்கை அவ்வுடன்படிக்கைகளில் இன்றும் சேரவில்லை. ஆயினும் அவை கூறியதை ஐம்பத்தைந்து ஆண்டு கழித்துத் தன் சட்டத்தாலேயே செய்தது.

பாட்டனாரின் மூத்த மகளாகிய என் பெரியத்தை, ஒப்பந்தத்தின்கீழ் இந்தியப் பங்கிற் சேர்க்கப்பட்டுக் கடவுச்சீட்டும் பெற்றவர். கப்பல் நின்றுவிட்டமையாற் போகவில்லை. புதிய சட்டத்தின் கீழ் அவருக்குரிய உறுதிமொழித் தாளை யானே நிரப்பினேன். பிறந்த இடம் என்னும் கட்டத்திற் பட்டிப்பொல என்று எழுதினேன். சரியாக எழுதினேனோ என்னும் ஐயத்தால் அவர் தம் தகரப் பெட்டியைத் திறந்து, இருபது ஆண்டாக ஒருமுறையும் பயன்படாது கிடந்த அந்த இந்தியக் கடவுச்சீட்டை எடுத்து என் கையிற் கொடுத்தார். அதிலும் பிறந்த இடம் பட்டிப்பொல என்றே இருந்தது.